சுருளியின் முட்டை விரதம்

ஆர்த்திகாவுக்கு ஒரு வயசில்தான் முதல்முதலாக முட்டை ஊட்டினார்கள். கால் மணி நேரத்தில் பிள்ளையின் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முட்டை அலர்ஜி என்றார் டாக்டர். அன்றோடு அந்தத் திருநகர் வீட்டுக்குள் முட்டை நுழையவில்லை.

பிள்ளை தெளிந்து சிரித்ததும் அப்பன் சுருளிக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. யாரும் கேட்காமலே ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று சபதம் போட்டான். என் மக முட்டை சாப்பிடுற வரைக்கும் நானும் தொட மாட்டேன். அவன் மனைவி பாண்டிமீனா, அப்ப நானும்தான் என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

சபதம் பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் கப்பலூரில் கம்பெனி விட்டு வரும்போது பரோட்டாக் கடையில் மாஸ்டர் மொக்கையன் கல்லில் அரைவேக்காட்டு முட்டைக் கலக்கி ஊற்றிக்கொண்டிருந்தான். மிளகுத்தூளோடு அது தளதளவென்று ஆடியதில் சுருளியும் ஆடிப்போனான். அப்புறம் தினமும் ரெண்டு. சாப்பிட்டதும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, வாய் கொப்புளித்து, ஏலக்காய் மெல்லுவான். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவான். இம்புட்டுச் சுத்தமான மனுசனைப் பார்த்ததில்லை என்று தெருவில் பேர் வாங்கிவிட்டான்.

நாலு வருசம் போனது. ரத்தப் பரிசோதனையில் அலர்ஜி அளவு நன்றாக இறங்கியிருந்தது. நிறையப் பிள்ளைகளுக்கு முட்டை அலர்ஜி வளர வளர விட்டுப்போகும், ஆனாலும் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து, கடுகளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டி, ஒரு முழு முட்டை வரை கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று வேண்டும் என்றது பிள்ளை. சுருளி அழுதேவிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாண்டிமீனா மகளுக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள். சுருளியின் தட்டில் கடுகளவு வைத்தாள்.

"மிச்சம் எங்க?"

"நாலு வருசமா தொடாத உடம்புங்க. பிள்ளைக்குச் செஞ்ச மாதிரிதான் உங்களுக்கும். தடிக்கலைன்னா அடுத்த வாரம் மிளகளவு."

இந்தக் கணக்கில் முழு ஆம்லெட்டுக்குத் தீபாவளி ஆகிவிடும். எனக்கு ஒண்ணும் ஆகாது என்றான். எப்படித் தெரியும் என்றாள். மனசு சொல்லுது என்றான். உங்க மனசு எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சது என்று கேட்டுக்கொண்டே அடுத்த ஆம்லெட்டை ஊற்றினாள். வெங்காயம் முறுகும் வாசம் வந்து அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"முந்தாநாள்கூட ரெண்டு கலக்கி சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலடி" என்று உளறிவிட்டான்.

அவள் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை.

"ஏலக்காய் வாசத்தோட வந்த மொத நாளே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நாலு வருசம் ஆயிருச்சு."

திட்டவில்லை. ஆம்லெட்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு வருசம் கழித்து முதல் வாய். கண்ணை மூடி மென்றாள். அடுத்ததும் அவளுக்கே.

ஆர்த்திகா அப்பாவின் காலித் தட்டைப் பார்த்தாள். "அப்பாவுக்கு முட்டை சேராதாம்மா?"

"நல்லாச் சேரும் கண்ணு. வீட்டு முட்டைதான் சேராது."