லிங்கராஜபுரத்துத் தண்ணீர்த்தொட்டிப் போர்

வாழி உத்தமன்! வேலூர் ஈன்ற வித்தகன், வெளிவட்டச் சாலை நெரிசலை நாள்தோறும் நீந்திக் கரையேறும் மென்பொருள் மறவன், பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதை இன்றுவரை எவரையும் மறக்கவிடாத மாமேதை, அன்னவன் புகழ் பாடுவோம்!

"என் மகளுக்கு ட்யூஷனா? நானிருக்க இன்னொருவரா?" என்று காலையில் மனைவி வனஜாவிடம் அவன் வீரமுழக்கமிட்டிருந்தான். "அப்போ இன்னிக்கு ஹோம்வொர்க்கை நீங்களே முடிச்சுக் காட்டுங்க. இல்லன்னா நாளைக்கே பிரிஜெட் மிஸ்கிட்ட சேர்த்துடுவேன்" என்று அவளும் கெடு விதித்து ஆபீசுக்குப் போய்விட்டாள். ட்யூஷன் வந்தால் சாயங்கால பேட்மிண்டன் போய்விடுமே என்று ஐந்தாம் வகுப்பு மகள் இளவேனில் அப்பாவையே நம்பியிருந்தாள்.

மாலையில், சாப்பாட்டு மேசையெனும் செருக்களத்தில், பகைவன் எழுந்தான்: ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும் தொட்டியை இன்னொரு குழாய் பன்னிரண்டு மணி நேரத்தில் காலிசெய்யும், இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எத்தனை மணி நேரத்தில் நிரம்பும்?

"தண்ணீர் லாரிக்குத் தவங்கிடக்கும் இந்நகரில், நிரம்புகிற தொட்டியைத் திறந்துவிட்ட பாதகன் எவன்?" என்று சீறியெழுந்து, பேனாவெனும் வாளுருவி, எக்ஸ் என்னும் இயற்கணிதப் பேரஸ்திரத்தைத் தொடுத்தான் மறவன்.

"அப்பா, எக்ஸ் எல்லாம் எங்களுக்கு இன்னும் நடத்தல. ஸ்கூல்ல மிஸ் தப்பு போட்டுடுவாங்க."

அந்தோ! எக்ஸையே நம்பி வளர்ந்த பெருவீரன், அது பறிபோன அக்கணமே திகைத்து, தலை சொறிந்து, காகிதம் கசக்கி, நகம் கடித்து, யூடியூபைச் சரணடைந்து, அங்கும் எக்ஸே எதிர்ப்பட வியர்த்து நின்ற வேளையில், இளவேனில் ஒரு தொட்டியை வரைந்து பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தாள். "ஒரு மணி நேரத்துல ரெண்டு கட்டம் ரொம்பும், ஒரு கட்டம் ஒழுகிடும். மிச்சம் ஒண்ணு. அப்போ பன்னிரண்டு மணி நேரம். சரியாப்பா?"

"வென்றோம்!" என்று மேசையதிர முழங்கினான் உத்தமன், கீழ்வீட்டு நாய் எதிர்முழக்கமிட்டது. 'வென்றோம்' என்றதில் யார் யார் சேர்த்தி என்று ஆராயாமல் மகள் விடையை நோட்டில் எழுதினாள். அவளை வாரியணைத்த பெருமிதம் தணியாமல், போர்முடித்த மார்பு விம்ம, வாசற்கதவைத் திறந்துவைத்து மனைவியின் வரவு நோக்கி நின்றான் அத்திருவாளன்.

வனஜா வந்து நோட்டைப் பார்த்துவிட்டு ட்யூஷன் வேண்டாம் என்று சொல்ல, உத்தமன் சப்பாத்திக்கு மாவு பிசையப் போனான்.