நடந்தால்தான் அறுப்பாராம்

பரளச்சி,
5.8.1991

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சீனிச்சாமி அவர்களுக்கு, மச்சான் சங்கரலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கு மழையைத் தவிர மற்றதெல்லாம் வந்துகொண்டிருக்கிறது. மதுரையில் தங்கள் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்.

நிற்க. தாங்கள் தேடிப் பிடித்த டாக்டரைப் பற்றி. இறங்கின குடலை அறுத்துத் தைக்கச் சொன்னால், "விட்டா குடல் சிக்கி உயிருக்கு ஆபத்து. ஆனா இந்த உடம்போட மயக்க ஊசி போட்டா எந்திரிக்க மாட்டீங்க. ஒரு மாசம் தினமும் நடங்க, முட்டை சாப்பிடுங்க, மூச்சுப் பலத்துக்குப் பலூன் ஊதுங்க, அப்புறம் அறுக்கலாம்" என்கிறார். தெம்பு இருந்தால் நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்? நம் பக்கத்தில் கிடாயைத்தான் வெட்டுவதற்கு முன்னால் தீனி போட்டுத் தேற்றுவார்கள்.

சரி, தொலையட்டும் என்று கண்மாய்க் கரையில் நடந்தேன். நம் ஊரில் ஆடோ மண்வெட்டியோ இல்லாமல் ஒருவன் வெறுங்கையோடு நடந்தால், வீட்டில் சோறு போடவில்லை என்று அர்த்தம். எதிரே வந்த மாரிச்சாமி சைக்கிளை நிறுத்தி, "எங்க போறீக?" என்றான். "சும்மா நடக்கேன்" என்றேன். அவன் நேரே என் மருமகள் ஜெகதீஸ்வரியிடம் போய், "பெரியவுகள என்னத்தா சொன்ன? கண்மாய்ப் பக்கம் போறாக" என்று கேட்டிருக்கிறான். கண்மாயில் நண்டு குடிக்கத் தண்ணீர் இல்லை. அதில் நான் எங்கே போய் விழுவது? மறுநாளே மல்லாங்கிணற்றிலிருந்து அவளுடைய அப்பனும் சித்தப்பன்மாரும் வேன் பிடித்து, தங்கள் பெண்மேல் பழியா என்று நியாயம் பேச வந்துவிட்டார்கள். வந்தவர்கள், நடுவீட்டில் நான் பலூன் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சண்டையை மறந்து, "எப்பருந்து இப்பிடி இருக்காக?" என்று உங்கள் அக்காளிடம் இரக்கமாக விசாரித்தார்கள்.

இப்போது நான் செருப்பை மாட்டினாலே பின்னால் மாட்டுவண்டி வருகிறது. ஏறாவிட்டால் மருமகள் அழுகிறாள். ஏறி உட்கார்ந்து போய்வருகிறேன். மாடு ஆபரேஷனுக்குத் தயார். முட்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைப் பேரன்மார் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆகவே எனக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஒரு வெங்காயமும் வேண்டாம். இறங்கினது இறங்கினபடியே கிடக்கட்டும். அந்த மகா மேதையிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பதினாறும் பெற்று வாழ நம் குலசாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
பொ. சங்கரலிங்கம்

பின்குறிப்பு: நாலைந்து நாளாக விடியுமுன் வண்டிக்காரனுக்குத் தெரியாமல் காட்டு வழியே பக்கத்து ஊர் வரை நடந்து திரும்புகிறேன். இன்றைக்கு மூச்சு இரைக்கவில்லை. டாக்டரிடம் நாள் கேட்டு வை. எனக்குப் பயமாக இருக்கிறது, சீனி. ஊசி போடும்போது உன் அக்காள் பக்கத்தில் வேண்டாம், அழுவாள். நீ வந்து நில். உன்னைத் திட்டிக்கொண்டே உள்ளே போய்விடுவேன்.