நாற்காலி ஒன்றுதான், இடம் நிறைய

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் மாமாவும் சௌக்கியம் என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நான் நம்பவில்லை.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் "வந்துடுக்கா" என்று வாயைத் திறந்தாலே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் படிக்காமல் எதையும் கிழிக்கிற ஆள் இல்லை நீ.

மாமாவின் சைக்கிள் கடையை மூடியாகிவிட்டது. மாதக் கடைசியில் வீட்டையும் காலி செய்ய வேண்டும். எங்கே போவதாக உத்தேசம்? "ஏண்டா, ரெண்டு ரூம் வீட்டுல நாங்களும் வந்தா நீங்கல்லாம் எங்கடா நிப்பீங்க?" என்று கேட்டாயே, அது வீடு முழுக்கச் சாமானாக இருந்தபோது நீ பார்த்த பழைய கணக்கு. சோபா கடையில் எனக்குப் பாதிச் சம்பளம் ஆனதிலிருந்து இங்கே கதையே வேறு. "கடையிலதான் விக்க முடியல, வீட்டு சோபாவையாவது வித்துக் காட்டுங்க" என்று உன் தம்பி பெண்டாட்டி ஒரு வார்த்தை சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேப்பர் வாங்கிப் போக வந்த மேல்வீட்டு ரிட்டயர்டு பஸ் டிரைவரை உட்கார வைத்து, ஸ்பிரிங்கைப் பற்றி நான் பேசின பேச்சில் மனுஷர் பேப்பரை மறந்துவிட்டு சோபாவை வாங்கிவிட்டார். தூக்கிக்கொண்டு போனோம். மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. அன்றைக்கு முழுக்க மாடியில் இருக்கிறவர்கள் சோபாவில் ஏறி இறங்கித்தான் போய்வந்தார்கள், சிலபேர் நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறவும் செய்தார்கள். கடைசியில் நாலு காலையும் அறுத்துத்தான் மேலே கொண்டுபோனோம். இப்போது டிரைவர் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும். நல்ல மனுஷர், என்னைத் திட்டவில்லை. எழுப்பிவிட மட்டும் கூப்பிடுகிறார்.

ருசி கண்டுவிட்டேன் அக்கா. அப்புறம் கட்டில் போயிற்று, சாப்பாட்டு மேஜை போயிற்று, ஷோகேஸும் போயிற்று. ஷோகேஸுக்குள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கப்புகள் இருந்தனவே, யாரோ பெரிய மனிதர் வருவார் என்று தொடாமல் வைத்திருந்தோமே, அவற்றை வைக்க வேறு இடமில்லாமல் இப்போது தினமும் அதில்தான் டீ. பெரிய மனிதர் நாங்களேதான் என்று ஆகிவிட்டது. டீ கொதிப்பதற்குள் வீடு பெருக்கி முடிகிறது. என் கண்ணாடி தொலைவதில்லை, தொலைய இண்டு இடுக்கு இருந்தால்தானே! சின்னது கூடத்தில் கயிறு தாண்டுகிறாள், கை கால் எதிலும் இடிப்பதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருக்கிறோம்.

மிச்சம் ஒரே ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு. போன வாரம் வீட்டுக்கார அம்மா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார், படிக்கட்டுச் சுவரில் சோபா கீறியதற்கு நியாயம் கேட்க. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் கீழே வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம். பாவம், எத்தனை நேரம்தான் தாங்குவார்? "என்னம்மா இது, எனக்கே கூச்சமா இருக்கு" என்று அவரும் இறங்கி வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, மூட்டுவலியைப் பற்றிச் சொல்லிவிட்டு, சுவரை மறந்துவிட்டுப் போனார். இப்போது தினமும் வருகிறார்.

ஆகவே அக்கா, நிற்க மட்டுமில்லை, உருள இடம் இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே, ஷோகேஸ் இருந்த இடத்தில் நல்ல காற்று. சின்னது சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் 'அத்தை', இன்னொன்றில் 'மாமா' என்று எழுதி வைத்திருக்கிறாள். மாமாவின் கட்டம் பெரியது. அவர் தொப்பை அவளுக்கு நினைவிருக்கிறது. இடமில்லை என்கிற சாக்கு இனிமேல் செல்லாது. புறப்பட்டு வா.

மாமாவுக்கு என் வணக்கம். உனக்கு உன் தம்பி பெண்டாட்டியின் அன்பும் சின்னதின் முத்தமும்.

இப்படிக்கு,
உன் சொல்லை ஒருநாளும் கேட்காத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் லாரிச் சத்தம். முதலாளி சம்பள பாக்கிக்குப் பதிலாக மூன்று சோபா அனுப்பிவிட்டார். மேலே எழுதியதில் இடம் சம்பந்தப்பட்டது எதையும் நம்பாதே. இந்த வரியை அடுப்படியில் நின்றுகொண்டு எழுதுகிறேன். மேல்வீட்டு டிரைவர் வந்து, "இதுக்கெல்லாம் கால் இருக்கே" என்று ஏக்கமாகத் தடவிப் பார்க்கிறார். கூடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறோம், ஏனென்றால் ஜன்னல் பக்கம் எதையும் வைக்க சின்னது விடவில்லை. "இது அத்தை இடம், யாரும் வராதீங்க" என்று கட்டத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நீ வந்தால்தான் எழுந்திருப்பாளாம். சீக்கிரம் வா அக்கா, பிள்ளைக்குக் கால் மரத்துப்போகும்.