லைன் கிளியர் வீட்டுத் தண்ணீர்

தண்ணீருக்கு ரயில் சட்டம் போட்ட ஒரே மனிதர், மாத்தளையில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர்தான். யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஊர் வைத்த பெயர், ரயிலுக்கு வழிவிடும் சொல்லான 'லைன் கிளியர்'.

சிக்னல் இழுத்த கை சும்மா இருக்குமா? நல்ல குழாய்களைக் கழற்றிவிட்டு, லீவர் வைத்த பித்தளைக் குழாய்களைப் பூட்டினார். ஒரே தட்டில் திறக்கும், ஒரே தட்டில் மூடும். மூடும்போதெல்லாம் சுவருக்குள் பைப் உலக்கைபோல் இடிக்கும். அவர் மனைவி, "இந்த இடி நிண்டாச் சொல்லுங்கோ, வாறன்" என்று யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிவிட்டார்.

மாஸ்டர் யோசித்தார். இரண்டு குழாய்த் தண்ணீர் நேருக்கு நேர் மோதுகிறது என்று முடிவுகட்டினார். ஆகவே, வளையம் வாங்கிய ரயில் மட்டுமே போகலாம் என்ற ஒற்றைத் தண்டவாள விதி: கூடத்து ஆணியில் ஒரு பிரம்பு வளையம். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே குழாயைத் திறக்கலாம்.

முன்பகுதியில் குடும்பத்தோடு இருந்த முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் 'நானா' என்று அழைப்பவர், குளியலறையிலிருந்து கத்துவார். "மாஸ்டர், சவர்க்காரம் கண்ணுல எரியுது. வளையத்தத் தாங்க."

"பொறுங்கோ. பிள்ளை அரிசி கழுவுது. லைன் கிளியர் இல்லை."

நான் குழாயைப் பட்டென்று மூடிவிட்டு வளையத்தோடு ஓடுவேன். இடி இன்னும் பலமாக விழும்.

நான் நீர் வேலைப் பகுதியில் பைப் அமைப்புகளுக்குப் படம் வரைபவள். காரணங்களை எண் போட்டுப் பார்த்தேன். ஒன்று, ஓடும் தண்ணீர் சட்டென்று நிறுத்தப்படுகிறது. இரண்டு, அந்த வேகத்தைத் தாங்க பைப்பில் எதுவும் இல்லை. மூன்று, மாஸ்டர். மூன்றாவதுதான் கஷ்டம்.

"பைப்பைத் திருத்த மெயின் வால்வ மூடணுங்க ஐயா."

"என்ர சர்வீஸில லைனை மூடினதே இல்லைப் பிள்ளை."

"தண்டவாளம் மாத்தளையோட முடியுதுங்களே. ரயில் போய் முட்டாம அங்க என்ன வச்சிருக்காங்க?"

"பஃபர்." முட்டும் வேகத்தை வாங்கும் தாங்கியின் பெயரைச் சொன்னவர் என்னையே பார்த்தார். "தண்ணிக்குப் பஃபர் வைக்கலாமோ?"

"காத்த அடைச்சே வைக்கலாங்க."

ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து என் கையில் தந்தார்.

ஒவ்வொரு குழாயருகிலும் தலை மூடிய பைப் துண்டொன்றை நிமிர்த்திப் பூட்டினோம். அதற்குள் அடைபட்ட காற்று மெத்தை மாதிரி அடியை வாங்கிக்கொள்ளும். ஆடிய பைப்புகளுக்குச் சைக்கிள் டியூப் சுற்றிச் சுவரோடு இறுக்கினோம்.

மாஸ்டர் பழைய தொப்பியை அணிந்து விசில் ஊதினார். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து, ஒன்றாக மூடினோம். சத்தமே இல்லை. நானா நம்பாமல் சுவரில் காதை வைத்தார்.

"மாஸ்டர், இடி மௌத்தாகிட்டு. செத்தே போச்சு."

அன்றே யாழ்ப்பாணத்துக்குத் தந்தி போனது. இரண்டே சொற்கள்: லைன் கிளியர்.

மனைவி வந்தார். முகம் கழுவினார். குழாயை மூடிவிட்டு, பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். ஒன்றும் இடிக்கவில்லை. பின்னால் மாஸ்டர் பச்சைத் துவாயைக் கொடிபோல நீட்டிக்கொண்டு நின்றார்.

வளையத்தை மாஸ்டர் திருப்பி வாங்கவேயில்லை; இப்போது அது என் சொந்த வீட்டில். குழாயைத் திறக்குமுன் ஒருமுறை அதைத் தொட்டுக்கொள்கிறேன்.