மூன்று கிலோமீட்டர் குறைந்த மலை

மலையைக் குடைந்தவர்கள் சரித்திரத்தில் உண்டு. மலையைப் பிளந்து சாலை போட்டவர்களும் உண்டு. ஆனால், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நாற்பதே நிமிடத்தில் ஒரு மலையை மூன்று கிலோமீட்டர் குறைத்த பெருமை, அந்தத் தேசியப் பூங்காவின் கோடைக்கால ஆலோசனைக் குழுவை மட்டுமே சேரும்.

அந்த அற்புதத்தை நேரில் காணும் பாக்கியம் தடக்காவலருக்குக் கிடைத்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார். பூங்காவின் நடைபாதைகளைப் பேணுவது அவர் வேலை. விழுந்த மரத்தை அறுப்பார், பெயர்ந்த படிக்கல்லைத் திரும்பப் பதிப்பார், வழி தவறியவர்களைத் திட்டாமல் கூட்டி வருவார். சிகரப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் பதினேழு வருடமாக அவருடைய முழங்கால் மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

விளம்பர அதிகாரி பார்வையாளர் கருத்துகளைத் துக்கச் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தார்.

"நானூத்திப் பன்னிரண்டு பேர் சிகரப் பாதை 'ரொம்ப நீளம்'னு எழுதியிருக்காங்க சார். பக்கத்துப் பூங்காவுல சிகரம் ஆறே கிலோமீட்டர். அவங்களுக்கு நாலரை நட்சத்திரம். நமக்கு மூணு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமான முடிவுகளை அவர் கண்ணாடி இல்லாமல்தான் எடுப்பார்.

"நம்மது எவ்வளவு?"

"ஒன்பது சார்."

"ஒன்பதுன்னு முடிவு பண்ணது யாரு?"

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின.

"மலைதான் சார்," என்றார் தடக்காவலர்.

"மலை இந்தக் குழுவுல உறுப்பினரா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம்?"

இதற்கு மேல் விவாதிக்க என்ன இருக்கிறது? 'பொதுமக்கள் நலன் கருதி, சிகரப் பாதையின் நீளம் ஒன்பதிலிருந்து ஆறு கிலோமீட்டராகக் குறைக்கப்படுகிறது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கைதட்டலில் தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன.

தடக்காவலர் இருமினார். "சார், மேல இருக்கிற மூணு கிலோமீட்டரை என்ன பண்றது?"

"அங்க இருக்கிற கிலோமீட்டர் கல்லை எல்லாம் பிடுங்கிடுங்க."

உத்தரவு உத்தரவுதான். ஏழு, எட்டு, ஒன்பது என மூன்று கற்களையும் பிடுங்கிக் கொட்டகையில் போட்டார். நுழைவாயிலில் புதுப் பலகை ஏறியது: 'சிகரம் – 6 கி.மீ.'

"கல்லைப் பிடுங்கிட்டீங்க சரி, தூரத்தைப் பிடுங்கினீங்களா?" என்று வீட்டில் கேட்டாள் மனைவி. அவளும் அதே பூங்காவில்தான், வயர்லெஸ் அறையில் வேலை பார்த்தாள்.

"வர்றவங்ககிட்ட வாயால சொல்லிட்டாப் போச்சு."

அந்த வாய்க்கும் மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. 'பாதையின் பழைய நீளத்தை ஊழியர்கள் வாய்மொழியாகப் பரப்புவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.'

திட்டம் அமோக வெற்றி. ஒரே வாரத்தில் நட்சத்திரம் நாலானது. பாதியிலேயே மூச்சுவாங்கித் திரும்பியவர்கள்கூட, 'சிகரத்துக்குக் கிட்டத்தில் போய்விட்டோம்' என்ற பெருமையோடு வீடு போனார்கள்.

இரண்டாம் வாரம், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் கணவரோடு வந்தார். பலகைக்கு முன்னால் நின்று, பையிலிருந்து பாட்டில்களை எடுத்து வரிசையாக அடுக்கினார்.

"ஆறு கிலோமீட்டர் ஏத்தம். கிலோமீட்டருக்கு ஒரு ஆளுக்குக் கால் லிட்டர். ரெண்டு பேருக்கு மூணு. இறங்கறப்போ அதுல பாதி. ஆக நாலரை லிட்டர். சரியா இருக்கா பாருங்க."

தடக்காவலர் பாட்டில்களை எண்ணினார். "இன்னும் ரெண்டு மூணு பாட்டில் எடுத்துக்குங்க டீச்சர்."

"எதுக்கு?"

"வெயில்..."

"வெயிலையும் சேர்த்துத்தான் கால் லிட்டர்."

"விட்டுடுங்க சார்," என்றார் கணவர். "முப்பத்தஞ்சு வருஷத்துல இவ கணக்கு தப்பானதே இல்ல. என்னைக் கட்டிக்கிட்டது ஒண்ணைத் தவிர."

பலகைக்குப் பின்னால் விளம்பர அதிகாரி கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். தடக்காவலர் அவரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார்.

"கணக்கு சரிதான் டீச்சர்," என்றார்.

அதில் பொய்யே இல்லை. மலைதான் தப்பு.

அவர்கள் ஏறிப் போனார்கள். அவருக்கு வேலை ஓடவில்லை. பாதி அறுத்த மரத்தில் ரம்பத்தை அப்படியே விட்டுவிட்டு வெயிலைப் பார்த்தார். ஆறாவது கிலோமீட்டருக்கு மேல் ஒரு மரம் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெறும் பாறை. மதியம் ஒரு மணிக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கேன் தண்ணீரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

பயந்தபடியே ஆயிற்று. எட்டரையாவது கிலோமீட்டரில் டீச்சர் பாறையில் சாய்ந்து கிடந்தார். கணவர் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஆறு முடிஞ்சே ரெண்டு மணி நேரமாச்சு சார். இதோ வந்துடும், இதோ வந்துடும்னு ஏறிக்கிட்டே வந்தோம்."

டீச்சரின் தோல் அடுப்பாகக் கொதித்தது. வியர்வை நின்றிருந்தது. கண்ணைப் பாதி திறந்து, குழறிய நாக்கோடு கேட்டார்: "எங்க... தப்பு பண்ணேன்?"

தடக்காவலருக்கு யாரோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. துண்டை நனைத்து டீச்சரின் தலையில் போட்டுவிட்டு வயர்லெஸை எடுத்தார்.

"கன்ட்ரோல்! ஒரு அம்மா மயங்கிக் கிடக்காங்க. மீட்புக் குழுவை அனுப்பு. ஸ்ட்ரெச்சர், ஐஸ் எல்லாம் வேணும்."

"எந்த இடம்?" மனைவியின் குரல்.

"எட்டரை கிலோமீட்டர்."

கீபோர்டு தட்டும் சத்தம்.

"ஆறுக்கு மேல கம்ப்யூட்டர் எடுக்க மாட்டேங்குதுங்க. 'அப்படி ஓர் இடம் இல்லை'ன்னு சிவப்பா வருது."

"அந்த இல்லாத இடத்துலதான்டி நின்னு கத்திக்கிட்டிருக்கேன்!"

"எனக்குத் தெரியாதா? நம்பர் ஏறாம அவங்க கிளம்ப மாட்டாங்களே!"

"ஆறுன்னு போட்டுத் தொலை."

"போட்டாச்சு. கிளம்பிட்டாங்க. ஆனா ஆறோட நின்னுடுவாங்களாம். நானும் கெஞ்சிப் பார்த்துட்டேன்." குரல் இறங்கியது. "அங்கேயே உக்காந்திருக்காதீங்க. தூக்கிட்டு வந்துடுங்க. முழங்கால் பத்திரம்."

தூக்கினார். துண்டால் டீச்சரைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கணவர் பின்னாலேயே கேனைச் சாய்த்துச் சாய்த்து மனைவியின் தலையை நனைத்துக்கொண்டு வந்தார். காதோரம் டீச்சர் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. ஓராறு ஆறு... ஈராறு பன்னிரண்டு... மூவாறு... அங்கே நின்றுபோனது.

"சொல்லு! மூவாறு எவ்வளவு? சொல்லுடி!" கணவர் கதறினார்.

டீச்சரின் தலை தடக்காவலர் தோளில் சரிந்தது. தடக்காவலர் ஓட ஆரம்பித்தார். அந்தச் சரிவில், அந்த முழங்காலோடு.

ஆறாவது கல்லில் மீட்புக் குழு தயாராக நின்றிருந்தது. நாலு பேர், ஸ்ட்ரெச்சர், ஐஸ் பெட்டி, குடை. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கோட்டுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகள் மாதிரி, ஒரு கால்விரல்கூடக் கல்லைத் தாண்டவில்லை.

பத்தடி தூரத்தில் தடக்காவலர் சறுக்கி விழுந்தார்.

"எந்திரிங்கண்ணே! பத்தே அடிதான்! வந்துட்டீங்க!" குழுத் தலைவன் கை தட்டி உற்சாகப்படுத்தினான்.

"நீ வந்து தூக்கேன்டா பாவி!"

"கல்லுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லண்ணே. பிள்ளைகுட்டிக்காரன்."

கடைசிப் பத்தடியை முட்டிபோட்டே கடந்தார். டீச்சரின் செருப்பு கல்லைத் தாண்டிய அந்தக் கணமே குழு மின்னலானது. ஐஸ் வைத்தார்கள். குடை பிடித்தார்கள். ஓடினார்கள். கடமை உணர்ச்சி என்றால் அதுதான்.

டீச்சர் பிழைத்துக்கொண்டார். அரை மணி தாமதமாகியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இயக்குநர் பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். 'ஆறாவது கிலோமீட்டரில் அதிவேக மீட்பு' என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது.

அதே நாள் தடக்காவலருக்கும் ஒரு கடிதம் வந்தது. பாராட்டுக் கடிதம் என்று நினைத்துப் பிரித்தார். இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன.

ஒன்று: பணி நேரத்தில் அனுமதியின்றி, ஆறாவது கல்லோடு முடிகிற பூங்காவை விட்டு இரண்டரை கிலோமீட்டர் வெளியேறியது.

இரண்டு: பூங்காவுக்கு வெளியே கிடந்த ஒரு நபரை, முறையான நுழைவு இன்றி, முதுகில் சுமந்து உள்ளே கொண்டுவந்தது.

முழங்காலில் கட்டோடு இயக்குநர் முன்னால் போய் நின்றார் தடக்காவலர். இந்த முறை தொப்பியைக் கழற்றவில்லை.

"தப்பு பண்ணினேன் சார், ஒத்துக்கறேன். அந்தம்மா வாசல்ல கேட்டப்பவே ஒன்பதுன்னு சொல்லியிருக்கணும். ஆனா இந்தக் கடுதாசியில இருக்கிறது தப்பில்ல. நான் போகாம விட்டிருந்தா அவங்க அங்கேயே செத்திருப்பாங்க சார்!"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபமே இல்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற பரிவுதான் இருந்தது.

"செத்திருந்தா நமக்கு ஒரு பிரச்னையும் இல்லையேய்யா. நம்ம பூங்காவுக்கு வெளியிலதானே செத்திருப்பாங்க? நீ உயிரோட தூக்கிட்டு வந்ததுதான் இப்ப பிரச்னை."