பொன்னாடைக்குக் குனிந்த கழுத்து

மேடையேறிப் பழகியவனுக்குக் காதுக்கும் முதுகெலும்புக்கும் நடுவே மூளை என்ற ஒன்று குறுக்கிடுவதில்லை. எங்கேனும் கைதட்டல் ஒலித்தால் போதும்; யாருக்காக, எதற்காக என்று விசாரிக்காமலே அவன் தலை நன்றியுடன் தாழ்ந்துவிடும்.

கல்லூரிப் பட்டிமன்றங்களில் எதிரணியைத் தவிடுபொடியாக்கிய நாவலன் நான் (பட்டத்தை வழங்கியவனும் நானே). இரண்டாயிரங்களின் நடுவில், அமீரகத்து ராஸ் அல் கைமாவின் டைல்ஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தேன். புதிதாக வாங்கிய பிரஸ் மிஷினில் பயிற்சி பெற என்னையும் ஃபோர்மேன் காசிம் பாயையும் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் மொரிதா பரிந்துரைத்தால் நான் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் ஆனால்தான் ஃபேமிலி விசா. கல்யாணமான கையோடு அறந்தாங்கியில் விட்டுவந்த மனைவி செல்வியோ, போனை எடுத்ததும் கேட்பது ஒரே கேள்வி: "எப்பங்க கூப்பிட்டுக்குவீக?" ஆக, என் இல்லறம் முழுவதும் மொரிதாவின் நாக்கு நுனியில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

பயிற்சி முடிந்ததும் மொரிதா எங்களைப் பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்த ஷிண்டோ கோயில் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். விடுமுறை நாள், நல்ல கூட்டம். மர வளைவைக் கண்டதும் ஷூவைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினேன். வேண்டாம், போட்டுக்கொள்ளுங்கள் என்றார் மொரிதா. கல் தொட்டியில் நீரும் மூங்கில் அகப்பையும் இருந்தன. தீர்த்தமென்று பக்தியோடு பருகி, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டேன். மொரிதாவின் புருவம் உயர்ந்தது.

"அது குடிக்கிற தண்ணியில்ல தம்பி, கை வாய் கழுவ வச்சிருக்காஹ. தொழுவுறதுக்கு முன்ன ஒளுச் செய்ற எனக்குப் பாத்ததுமே வெளங்கிடுச்சு, ஒனக்கு வெளங்கலையா?" என்றார் கீழக்கரைக்காரரான காசிம் பாய். "நா இந்த மரத்தடியில நிக்கிறேன். சாமிகிட்ட நீ போயிட்டு வா. போன எடத்துல வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

நல்ல அறிவுரை. ஆனால் மொரிதா அடுத்து ஆங்கிலத்தில் சொன்னது வேறு. இங்கே வருகிறவர்கள் தெய்வத்திடம் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, நன்றி கூறி, பிறகு வேண்டிக்கொள்வது வழக்கமாம். மனத்துக்குள் என்று அவர் சேர்த்துச் சொல்லவில்லை. கோயிலில் ஒருவன் முழங்குவான் என்று அந்த நல்ல மனிதர் எப்படி எதிர்பார்ப்பார்? தன்னறிமுகம், நன்றியுரை, கோரிக்கை. மூன்றையும் ஒருசேரக் கேட்டால் நான் என்ன செய்வேன்? வணங்கும் முறையை அவர் செய்து காட்டுவதற்குள் முன்னால் பாய்ந்து தொண்டையைச் செருமினேன்.

"வானளாவிய மரங்களிடையே வீற்றிருக்கும் பெருந்தெய்வமே! அறந்தாங்கியிலே பிறந்து, அரபு மணலிலே ஓடு சுட்டுப் பிழைக்கும் எளியேன்..."

டப், டப். பக்கத்திலிருந்து தெளிவாக இரண்டு கைதட்டல்கள்.

புல்லரித்தது. தமிழறியாத மண்ணில் தமிழுக்கு வரவேற்பு! கைதட்டல் வந்தபின் அவைக்கு முதுகைக் காட்டுவது மேடை மரபன்று. தெய்வத்துக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். குனிந்து நன்றி சொன்னேன். ஒரு முதிய தம்பதியர் டப், டப். மீண்டும் குனிந்தேன். அவர்கள் கண்ணை மூடி நின்றதைப் பார்த்து (என் உவமையில் உருகிவிட்டார்கள் பாவம்!) குரலை இன்னும் உயர்த்தினேன். ஒரு குடும்பமே தட்டியது. நான் இடுப்புவரை வளைந்தேன். வரிசை வாசலைத் தாண்டி நீண்டது.

அப்போது வெண்ணிற அங்கி அணிந்த பூசாரி இரு கைகளையும் ஏந்தியபடி என்னை நோக்கி வந்தார். நம் ஊர் மேடைகளில் இப்படி வருகிறவர் எதற்கு வருவார்? பொன்னாடைக்காகக் கழுத்தைக் குனிந்து கொடுத்தேன். ஆடை விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், ஏந்திய அந்தக் கைகள் வெகு பணிவுடன் ஓரமாய் ஒரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தன.

மரத்தடியிலிருந்து குரல் வந்தது: "தம்பி! அவுஹ தட்டுறது ஒனக்கில்ல, சாமிக்கு! கையத் தட்டித்தான் இங்க கும்புடுவாஹ போல. நீ நடுவுல நின்னு வாங்கிக்கிட்டு இருக்கே. யல்லா, எறங்கி வா!"

திரும்பும் ரயிலில் மொரிதா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விசா கலாஸா பாய், அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "சாமிக்கு வந்ததையே நீ எடுத்துக்கிட்டே. சாமி ஒனக்குத் தருமா?" என்றார் காசிம் பாய்.

ஆனால் ராஸ் அல் கைமா திரும்பிய வாரமே மேனேஜர் அழைத்து, நான்தான் சூப்பர்வைசர் என்றார். என் மிஷின் அறிவைப் பற்றி மொரிதா போனில் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த பிரஸ் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, அதை மிஞ்சும் தொண்டை இந்த ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றாராம்.

செல்வி வந்திறங்கிய நாளில் துபாய் விமான நிலையத்துக்குக் காசிம் பாயின் காரில் போனோம். தள்ளுவண்டியோடு அவள் வெளியே வருகிறாள்; வரவேற்க அழகாய் நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருக்கிறேன்; வாயைத் திறக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பாவி மனிதர் டப், டப் என்று தட்டினார். அத்தனை பேர் நடுவில், மனைவியின் முன்னால், இடுப்பு வளையக் குனிந்துவிட்டேன்.

இன்றைக்கும் அறந்தாங்கியில் நாலு உறவுகள் கூடினால் செல்வி தொடங்கிவிடுவாள்: "வந்து எறங்குன அன்னிக்கே, ஏர்போர்ட்டே பாக்க, எனக்குக் கும்புடு போட்ட மனுசன்!" வீடே சிரிக்கும். உண்மையைச் சொல்லி மறுக்கலாம்தான். சொன்னால், நான் குனிந்தது காசிம் பாய்க்கு என்று ஆகிவிடும்.