கிடேரி விலையில் மாப்பிள்ளை

“மறுபடியும் எதுக்குங்க நூத்தம்பது ரூவா?” என்று கேட்டாள் கமலாத்தாள். பால் சொம்பை அவள் தரையில் வைத்த சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் புருஷன் குப்பண்ணன் மாட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டார். “மாப்ள படம் வரையற பரிச்சைல பெயிலாப் போயிட்டாராமா. டியூசன் வெக்கோணுமாமா.”

“வெல்டிங் வெக்கறவருக்குப் படம் எதுக்குங்க? கோயல் செவுத்துல சாமி படம் எழுதப் போறாரா?”

“அது மிசின் படம் புள்ள. உனக்குத் தெரியாது.”

“தெரியாதுதான். நாலு மாடு நின்ன கட்டுத்தரைல ரெண்டு மாடு நிக்கறது மட்டும் தெரியுது.”

மீதி இருந்த ரெண்டு மாடும் குப்பண்ணனையே பார்த்தன.

மாட்டு விஷயத்தில் கேரள எல்லையோர மீனாட்சிபுரத்தில் குப்பண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. கறக்கிற மாட்டை முழு விலை கொடுத்து வாங்குவது மடத்தனம் என்பது அவர் கட்சி. கன்று போடாத கிடேரியாகப் பாதி விலைக்குப் பிடித்து, நம் தீனியைப் போட்டு, நம் கட்டுத்தரையில் சினையாக்கிவிட்டால் லாபமெல்லாம் நமக்கு. இருபது வருடமாக இந்தக் கணக்கு அவர் காலை வாரியதில்லை. அதை மாட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மகள் ராமாத்தாளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் மனுஷன் அதே கணக்கைப் போட்டார்.

தரகர் கந்தப்பன் ரெண்டு ஜாதகம் கொண்டுவந்திருந்தார். ஒருவன் ஈஸ்வரமூர்த்தி. வெல்டர் சர்ட்டிபிகேட் வாங்கி, கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் மாதம் முந்நூற்றெண்பது சம்பளம். அவர்கள் கேட்டது பதினைந்து பவுன். இன்னொருவன் பிச்சைமணி. அதே வெல்டிங் வேலைதான், ஆனால் சர்ட்டிபிகேட் இல்லை. கொழிஞ்சாம்பாறைப் பட்டறையில் நாளுக்கு ஐந்து ரூபாய்க் கூலி. அவன் அம்மா நாச்சம்மாள் கேட்டது ஏழே பவுன்.

“சர்ட்டிபிகேட் படிப்புக்கு என்ன செலவுங்க ஆவும்?” என்று குப்பண்ணன் கேட்டார்.

“பாலக்காட்டுல ஒரு பிரைவேட்டுப் பள்ளிக்கூடம் இருக்குதுங்க. ஒரு வருசம். நானூத்தம்பது ரூவா பீசு.”

குப்பண்ணனுக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. எட்டுப் பவுன் வித்தியாசம் எங்கே, ஒரே ஒரு பவுன் விலைக்குக் கிடைக்கிற படிப்பு எங்கே? ஏழு பவுனுக்குப் பிச்சைமணியைப் பிடித்து, நம் செலவில் படிக்க வைத்துவிட்டால், பதினைந்து பவுன் மாப்பிள்ளை நம் வீட்டிலேயே தயாராகிவிடுவார். கந்தப்பனிடம் “ரெண்டும் சரிப்படாதுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் தானே நாச்சம்மாள் வீட்டுக்குப் போய்ப் பேசி முடித்தார். தரகுக் காசும் மிச்சம்.

“ஒரே ஒரு காரியம் அம்மணி. சர்ட்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் இது வெளிய தெரியக்கூடாது. உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்றதெல்லாம் அப்பறம் வெச்சுக்கலாம். பையன் படிக்கறான்னு தெரிஞ்சா எவனாச்சும் பொள்ளாச்சிக்காரன் வந்து இருவது பவுன் தாரேன்னு கேட்டுப்போடுவான்.”

“நீங்க சொல்றதுதான் செரிங்கண்ணா,” என்றாள் நாச்சம்மாள். “ஒரு ஈ காக்காய்க்குச் சொல்லமாட்டேன். நீங்களும் செவ்வாக்கெழமை மட்டும் வாங்க. மத்த நாள்ல ஒறம்பரை, சொந்தபந்தம்னு வரப்போவ இருக்கும், ஆராச்சும் பாத்துப்போடுவாங்க.”

எவ்வளவு பதமான சம்பந்தி என்று குப்பண்ணன் பூரித்துப்போனார்.

கமலாத்தாள் பூரிக்கவில்லை. “ஏனுங்க, மனுசனையும் கடேரியாப் புடிச்சு வளத்த முடியுங்களா?”

“பொறுத்திருந்து பாரு.”

அவளும் பொறுத்திருந்துதான் பார்த்தாள். பீசு கட்டிய பத்தாம் நாள், தோல் கையுறையும் கருப்புக் கண்ணாடியும் வாங்கவேண்டும் என்று வந்தது. பிறகு, படிக்கப் போவதால் பட்டறைக் கூலி நின்றுவிட்டது, அம்மாவும் பிள்ளையும் கஞ்சி குடிக்க மாதம் எழுபத்தைந்து ரூபாய் வேண்டும் என்று வந்தது. கிடேரி வாங்கினால் தீனி போடாமல் முடியுமா? குப்பண்ணன் முதல் மாட்டை விற்றார். பால் வரும்படி குறைந்தது. குறைந்ததைச் சரிக்கட்டக் கடலைக்காயை விலை ஏறும்வரை வைத்திருக்காமல் வந்த விலைக்குத் தள்ளினார். அதிலும் நஷ்டம். நஷ்டத்தைச் சரிக்கட்ட ரெண்டாவது மாட்டை விற்றார். இப்போது படம் வரைகிற பரீட்சையில் மாப்பிள்ளை பெயிலாகிவிட்டார்.

“இதுவரைக்கும் ஆன செலவுல நாலு பவுன் வாங்கியிருக்கலாமுங்க,” என்றாள் கமலாத்தாள்.

“செலவையே சொல்லீட்டு இரு. வரவைப் பாரு. கஞ்சிக்கோட்டுல புதுக் கம்பெனிக்குத் தையில ஆளெடுக்கறாங்க. மாசம் முந்நூத்தெம்பது. அஞ்சாறு மாசத்துல போட்டதெல்லாம் வந்துரும்.”

“அந்தச் சம்பளம் நம்ம ஊட்டுக்கா வருது, அவிய ஊட்டுக்கா?”

சத்தியமாக இந்த இடத்தைக் குப்பண்ணன் கணக்கில் சேர்க்கவே இல்லை. கிடேரி வளர்ந்தால் பால் நம் வீட்டில். மாப்பிள்ளை வளர்ந்தால் சம்பளம் நாச்சம்மாள் வீட்டில்.

“நம்ம புள்ளைதான அதத் திங்கப்போறா,” என்று சமாளித்தார்.

அது சமாளிப்பு மட்டும் இல்லை. ரெண்டு வருடமாக மழை ஏமாற்றியிருந்தது. வானத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் கழுத்து வலித்தது போதும், மகளாவது ஒன்றாம் தேதி ஆனால் சம்பளக் கவர் வருகிற வீட்டில் இருக்கட்டும் என்று அவர் மனதார ஆசைப்பட்டார். ராமாத்தாளுக்கு இருபத்திரண்டு முடியப்போகிறது. தண்ணீர்க் குடம் தூக்கிப் போகும்போது ஊரார் கேட்கிற கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் வருவது அவருக்குத் தெரியும். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

ராமாத்தாளே ஒருநாள் கேட்டுவிட்டாள். “ஏனுங்கப்பா, எனக்குக் கல்யாணம் பண்றீங்களா, அவருக்குப் பள்ளிக்கூடம் வெக்கறீங்களா?”

“தையில ரெண்டும் முடிஞ்சுரும் கண்ணு.”

செவ்வாய்க்கிழமை நூற்றைம்பது ரூபாயோடு கொழிஞ்சாம்பாறைக்குப் போனார். நாச்சம்மாள் வீட்டு மூலையில் ஒரு மூட்டை கடலைக்காயும், உத்தரத்தில் பெரிய வாழைத்தாரும் இருந்தன. கஞ்சிக்கே வழியில்லாத வீட்டில் இதெல்லாம் ஏது என்று பார்த்தார்.

“ஒறம்பரைக குடுத்ததுங்கண்ணா. நல்ல மனசுக்காரங்க,” என்றாள் அவள். “இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாருகளுக்குத்தான் மனசே எரங்க மாட்டேங்குது. நல்ல நெய்யா ஒரு டின்னு குடுத்தா எரங்குமோ என்னமோ.”

“நானே கொண்டுபோயிக் குடுத்து ஒரு வார்த்த பேசிப்போட்டு வாரேன்.”

நாச்சம்மாள் பதறிப்போனாள். “அய்யோ, வேண்டாமுங்கண்ணா. அவியெல்லாம் மலையாளத்துலதான் பேசுவாங்க. வெளியாளு வந்து கேட்டா மார்க்கக் கொறச்சுப்போடுவாங்க. எங்கட்டக் குடுங்க, பையன் பதவிசாக் குடுத்துருவான்.”

நெய் டின் போனது. அதற்கு வெண்ணெய் எடுத்த மூன்றாவது மாடும், மறுபரீட்சைக் கட்டணம், புதுச் சட்டை, பாலக்காட்டில் தங்குகிற செலவு என்று பின்னாலேயே போனது. கட்டுத்தரையில் இப்போது ஒரே ஒரு மாடு. தனியாக நிற்கப் பிடிக்காமல் அது பகலெல்லாம் கத்தியது. கமலாத்தாள் கத்துவதை நிறுத்தியிருந்தாள், குப்பண்ணனுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாச்சம்மாள் வாசலிலேயே நின்று சிரித்தாள். “பாசாயிட்டானுங்கண்ணா. வெள்ளிக்கெழம ஆப்பீசுல அம்பது ரூவா கட்டுனா சர்ட்டிபிகேட்டு கைல குடுத்துருவாங்களாமா. அம்பதக் குடுத்துட்டுப் போங்க, பையன் போயி வாங்கிக்குவான்.”

குப்பண்ணன் ஐம்பது ரூபாயை மடியிலிருந்து எடுத்தார். எடுத்தவர் மறுபடியும் மடியிலேயே வைத்தார். இத்தனை நாள் மந்தமாகக் கிடந்த மாட்டு வியாபாரப் புத்தி அந்த நிமிஷம் விழித்துக்கொண்டது. விலை பேசி முடித்தபின் கயிற்றை வாங்காமல் சந்தையை விட்டு வருகிறவன் எவனாவது உண்டா? சர்ட்டிபிகேட் இவர்கள் கைக்குப் போனால், நாளைக்கே ஏழு பவுன் பதினைந்தாகும்.

“இப்பக் கைல காசு இல்ல அம்மணி. வெள்ளிக்கெழமக்குள்ள எப்படியாச்சும் குடுத்தனுப்பறேன்,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

“நானே போயி வாங்கறேன்,” என்று வீட்டில் அறிவித்தார். “கொண்டாந்து நம்ம பொட்டில வெச்சுப் பூட்டிப்போடறேன். தாலி கட்டுன பொறவுதான் அதுக்குப் பூட்டுத் தொறக்கறது.”

பல மாதங்களுக்குப் பிறகு கமலாத்தாள் அவரை மரியாதையாகப் பார்த்தாள். “இதுவாச்சும் உருப்படியாச் செய்யறீங்க,” என்று சொல்லி, வாத்தியாருக்குக் கொடுக்கச் சின்ன டின்னில் நெய்யும் கொடுத்தனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, சித்தூர் வழியாகப் பாலக்காடு போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. கொட்டகைக்குள்ளிருந்து நீல வெளிச்சம் பளீர் பளீரென்று அடித்தது. ஆபீஸ் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதில் வேட்டி கட்டின ரெண்டு விவசாயிகள் ஆளுக்கொரு மூலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் கடலைக்காய்ப் பை. இன்னொருவர் காலடியில் வாழைத்தார். பாவம், பிள்ளைகளுக்கு இடம் கேட்டு வந்திருக்கிறார்கள் போல என்று குப்பண்ணன் இரக்கப்பட்டார். தன் காரியம் முடிந்துவிட்டது, இவர்கள் இனிமேல்தான் இழுபட வேண்டும்.

ஜன்னலுக்கு உள்ளே, கிளார்க் சூசையப்பன் ஒரு பெரிய ரிஜிஸ்டரில் முகத்தைப் புதைத்திருந்தார். குப்பண்ணன் ஐம்பது ரூபாயை எண்ணி ஜன்னல் விளிம்பில் வைத்து, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“கொழிஞ்சாம்பாறை பிச்சைமணி சர்ட்டிபிகேட்டு வாங்கிப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க. வெல்டர் படிப்பு.”

“நீங்க அவனுக்கு என்ன வேணும்?”

ஒரு வருடமாக வெளியே சொல்லாமல் அடக்கி வைத்திருந்த வார்த்தை. மூன்று மாடு கொடுத்து வாங்கின வார்த்தை. குப்பண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“மாமனாருங்க.”

பெஞ்சின் ரெண்டு மூலையிலும் தலைகள் வெடுக்கென்று திரும்பின. சூசையப்பன் மட்டும் ரிஜிஸ்டரிலிருந்து நிமிராமலே ரூபாயைத் திருப்பித் தள்ளினார்.

“அப்படி பெஞ்சில போய் உக்காருங்க. உங்களுக்கு முன்னாடியே அவனோட மாமனாருங்க ரெண்டு பேர் வந்து காத்திருக்காங்க.”